திருநீறு பட்ட எஞ்சினும் தானாக எரிந்த விளக்கும்

டத்தோ கிராமாட்,
பினாங்கு.
ஆகஸ்ட் 1995

கார் கம்பெனியின் எஞ்சின் பிரிவில் அமர்ந்து உலகத்துப் புகையையெல்லாம் அளந்துகொண்டிருக்கும் என் அக்கா மகன், அன்பு மருமகன் கதிர்காமநாதனுக்கு, மாமா பரமநாதன் எழுதுவது. நானும் உன் மாமி பத்மாவதியும் கடவுள் புண்ணியத்தில் சுகம். நீ சுகமாக இருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் செய்யும் கார்களை ஓட்டிக் கஷ்டப்படுவது நாங்கள்தானே.

போன லீவுக்கு வந்தபோது, "மாமா, பழசைத் தள்ளிப்போட்டு, புகைச் சட்டத்துக்கு ஏத்த மாதிரிச் செய்த புதுக் கார் வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய். நீ சொன்னது மாமிக்கு வேதவாக்கு, வாங்கியாயிற்று. காற்று வழுக்கிக்கொண்டு போனால் பெட்ரோல் குறையும், புகையும் குறையும் என்று யாரோ ஒரு மேதை கண்டுபிடித்தானாம், அதனால் ஊரிலுள்ள எல்லாக் காரும் இப்போது தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி ஒரே உருவம். பாசாரில் மீன் வாங்கிவிட்டு வந்து நான் இழுத்து இழுத்துத் திறக்கப் பார்த்த கதவு அடுத்த தெரு நூர்ஜானுடையது. அந்த அம்மா உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். "அங்கிள், இது என் கெரேத்தா லா! உங்களது அங்க நிக்குது" என்றார். முப்பது வருடம் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த எனக்குக் கார் திருடன் பட்டம் வாங்கிக் கொடுத்த பெருமை உன் காற்றுக் கணக்கைச் சேரும்.

பிறகு பெட்ரோல் ஊற்றப் போனேன். வழக்கமான குழாயைக் காட்டினால் அது காரின் வாய்க்குள் நுழையவில்லை. வீட்டிலிருந்து புனல் கொண்டுவருகிறேன் என்றேன். பம்பில் நிற்கும் இஸ்மாயில் தலையில் கைவைத்துக்கொண்டான். "அண்ணே, ஈயம் கலந்த எண்ணெய் இதுக்கு ஆகாது லா. அடியில புகையைக் கழுவுற பெட்டி இருக்கு, அது செத்துப்போயிரும். நீங்க ஊத்திறக் கூடாதுன்னுதான் வாயைச் சின்னதா வச்சிருக்கான்." அதாவது நான் இப்படித்தான் செய்வேன் என்று எங்கேயோ ஒரு எஞ்சினியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அது நீதானா என்று கேட்கமாட்டேன், நீ உண்மையைச் சொல்லிவிடுவாய்.

அடுத்து கோயிலில் வாகன பூசை. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று, குருக்கள் திருநீற்றுத் தட்டோடு வந்து, "எஞ்சினைத் திறவுங்கோ" என்றார். திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி! "எஞ்சின் எங்க?" என்று அவர் கேட்க, நாலு பேர் பார்க்க, எனக்கு மானம் போயிற்று. பழைய காரில் மூடியைத் தூக்கினால் எல்லா உறுப்பும் கண்முன்னே நிற்கும், மாமியின் கொண்டையூசி ஒன்று போதும், நானே பழுது பார்ப்பேன். கடைசியில் கொக்கி போட்ட ஒரு பெட்டி அகப்பட்டது. திறந்தேன், உள்ளே மடித்து மடித்து ஒரு கடதாசி. எஞ்சினுக்கு மூச்சுப் போகும் வழி இதுதான், பிரசாதம் உள்ளுக்குப் போகட்டும் என்று அந்தக் கடதாசியைத் தூக்கிவிட்டுக் கை நிறையத் திருநீறு போட்டேன். குறை வைக்கவில்லை.

மறுநாள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இஞ்சருங்கோ, விளக்குத் தானா எரியுது! சுவாமி காருக்குள்ள வந்திட்டார்." கார் குலுங்கிக் குலுங்கித்தான் ஓடியது. அதையும் அவள் சுவாமி வந்ததற்கு அடையாளம் என்றே எடுத்துக்கொண்டாள். பினாங்குப் பாலத்தின் நடுவில் கார் நின்று, பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்தபோதும் அவள் கும்பிட்டபடிதான் இருந்தாள்.

செபராங் ஜெயாவில் பட்டறை வைத்திருக்கும் நல்லமுத்து ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைச் செருகிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்குள்ள யாரு சாம்பல் கொட்டினது? காத்தை அளக்கிற கம்பியெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு லா" என்றான். நான் வானத்தைப் பார்த்தேன். அவன் துடைத்துக் கொடுத்தான், கார் பட்டுப்போல ஓடியது, விளக்கும் போயிற்று. அதோடு போயிற்று என் நிம்மதியும். "விளக்கு நூந்த காரில நான் ஏறமாட்டன், திரும்ப ஏத்தித் தரச் சொல்லுங்கோ" என்று மாமி வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். போதாததற்கு இந்தக் கார் வந்ததிலிருந்து அவள் தூதுவளை ரசம் வைப்பதையே விட்டுவிட்டாள். என் நாக்குக்குப் பிடித்த ஒரே ரசம் அது. அந்தப் பழியும் உன் காருக்குத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுப் போர்ச்சில் ஒரு காருக்குத்தான் இடம். நாளைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரிலிருந்து சுப்பையா என்ற சாப்பாட்டுக்கடைக்காரர் பழைய காரை வாங்க வருகிறார். ஓட்டுவதற்கு அல்ல! எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தக் குழியில் பூச்செடி வைத்துக் கடை வாசலில் நிறுத்தப் போகிறாராம். கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது தம்பி. அவரை எப்படியாவது ஒரு மாதம் இழுத்தடிக்கிறேன். நீ உடனே மாமிக்கு, "புதுக் கார் சரிவராது, பழசை விற்க வேண்டாம்" என்று உன் கம்பெனித் தாளில் எழுது. நீ எழுதினால்தான் அவள் கேட்பாள்.

உன் கைராசியில் உலகம் புகையில்லாமல் விளங்கட்டும், உனக்கும் நல்ல இடத்தில் பெண் அமையட்டும் என்று வாழ்த்தும்,
மாமா பரமநாதன்.

பி.கு.: தபாலில் போடுவதற்குள் சுப்பையா வந்துவிட்டார். கடைசியாக எஞ்சின் சத்தத்தையாவது கேட்கட்டும், மனம் மாறுவார் என்று பழைய காரை ஸ்டார்ட் செய்தேன். போர்ச் முழுக்க நீலப்புகை. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மாமிக்கு இருமல் பிடித்தது. அந்த இழுப்பு இருமல், உனக்குத் தெரியும், சிறுவயதிலிருந்து நீ கேட்டதுதான். எத்தனை டாக்டர்! புதுக் கார் வந்த இத்தனை நாளாக அதை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருமலுக்கென்று வைத்த தூதுவளை ரசம் நின்ற காரணமும் விளங்கியது. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டேன். குழியில் மல்லிகை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே நீ ஒன்றும் எழுதவேண்டாம். சட்டத்தை இன்னும் இறுக்க முடியுமானால் இறுக்கு. பூத்ததும் மாமியைப் புதுக் காரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஆசை. விளக்கு எரிந்தால்தான் ஏறுவாள். அன்றைக்கு மட்டும் ஒரு சிட்டிகை திருநீறு போட்டால் பாலம் தாண்டுமா என்று மறுதபாலில் எழுது.