அலமாரிக்குள் ஒரு சுவர்க்கோழி

"ரொம்ப நல்லாக் கேட்டே தம்பி" என்று சொல்லிக்கொண்டே பேராசிரியை நாற்காலியிலிருந்து எழுந்தார். அப்போதுதான் தொகுப்பாளன் ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தான். திரையில் வரிசையாகப் பூஜ்யங்கள் உட்கார்ந்திருந்தன.

கருவியைத் தட்டினான். குலுக்கினான். பேட்டரியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டான். பூஜ்யங்கள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு மணி நேரப் பேச்சில் ஒரு தும்மல்கூடப் பதிவாகவில்லை.

அவன் இணைய வானொலி ஒன்றில் வாரம் ஒருமுறை ஆராய்ச்சியாளர்களைக் கூப்பிட்டு அறிவியல் பேசுகிறவன். அவனுடைய ஸ்டுடியோ என்பது வீட்டுப் படுக்கையறைதான். ஜன்னலை மெத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், கதவில் போர்வை தொங்கும், சுவரோரத்தில் துணி அலமாரி இருக்கும். நிலைய மேலாளர் போன வாரமே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "உன் நிகழ்ச்சியை நீயும் உங்க அம்மாவும்தான் கேக்கறீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பெரிய ஆள் யாரையாவது பேச வெச்சுக் கொண்டு வா. இல்லேன்னா உன் நேரத்தை உடம்பு இளைக்கிற நிகழ்ச்சிக்குக் குடுத்துடுவேன்."

பேராசிரியை பெரிய ஆள்தான். வாழ்நாள் முழுக்கப் பூச்சிகளின் சத்தத்தை ஆராய்ந்தவர். பேட்டி என்று யாராவது வாயெடுத்தால் எரிந்து விழுவார் என்று ஊரெல்லாம் பேர். பத்திரிகைக்காரர்கள் வாசலோடு திரும்பியிருக்கிறார்கள். தொலைக்காட்சிக்காரர்களை வாசல் வரைக்கும்கூட விடவில்லை. இவன் மாதக்கணக்கில் கெஞ்சி, விடாமல் நச்சரித்து, எப்படியோ சம்மதிக்க வைத்திருந்தான்.

வந்தவர் என்னமாய்ப் பேசினார்! சுவர்க்கோழி வாயால் கத்துவதில்லை, இறக்கையால் பாடுகிறது என்றார். ஒரு இறக்கையில் சீப்பு மாதிரி பற்கள், அதை இன்னொரு இறக்கையின் ஓரம் நகம் மாதிரி சுரண்டும், அதுதான் அந்தக் கிர்கிர் என்றார். வெயில் ஏறினால் பாட்டும் வேகமாகும் என்றார். சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் ஒன்றை வைத்துத் தலையணைக்குக் கீழே ஒளித்து, வீடே தூங்காமல் விடிய விடிய அதைத் தேடிய கதையைச் சொன்னபோது இவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவ்வளவும் காற்றோடு போயிற்று.

"எல்லாம் ஒழுங்கா வந்திருக்கா?" என்று பேராசிரியை வாசலைப் பார்த்தபடி கேட்டார்.

"அருமையா வந்திருக்கு மேடம்" என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதைத் திருப்பி வாங்குவதற்குள் அவர் காரில் ஏறிவிட்டார். காரில் அவர் கணவர் வழக்கம்போல் செய்தித்தாளை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி எங்கே போனாலும் கூட வருவார், எந்த வீட்டுக்குள்ளும் நுழையமாட்டார்.

தொகுப்பாளன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பட்டனை அமுக்கியதாகத்தான் ஞாபகம். ஆனால் அவன் ஞாபகத்தை அவனே நம்பமாட்டான். ஒருமுறை மைக்கை மேசையிலேயே விட்டுவிட்டு, தொலைக்காட்சி ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நட்சத்திரங்களைப் பற்றி ஒருவரைப் பேட்டி கண்டவன் அவன்.

"உள்ளதைச் சொல்லிடேன். மறந்துட்டேன்னு சொன்னா தலையையா சீவிடுவாங்க?" என்றாள் அம்மா.

"அவங்க சீவுவாங்கம்மா."

மறுநாள் காலையில் பேராசிரியைக்குப் போன் செய்தான். "மேடம், ஒரு சின்ன விஷயம். பதிவுல என்னமோ சத்தம் விழுந்திருக்கு. இன்னொரு தடவை பேசிட்டோம்னா..."

பேராசிரியை ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார்.

"பதிவுலயா?"

"ஆமா மேடம்."

"நிச்சயமா? நீ உன் காதால கேட்டியா?"

"கேட்டேன் மேடம். முழுக்க இருக்கு."

"என்ன மாதிரி சத்தம்?"

உலகத்தில் எத்தனையோ சத்தங்கள் இருக்கின்றன. லாரி இருக்கிறது, குழாய் இருக்கிறது, பக்கத்து வீட்டுக் குழந்தை இருக்கிறது. முந்தின நாள் ஒரு மணி நேரம் ஒரே விஷயத்தைக் கேட்ட மண்டை அவனுக்கு ஒன்றைத்தான் எடுத்துக் கொடுத்தது. "கிர்கிர்னு மேடம்."

பூச்சிச் சத்தத்துக்கென்றே தலை நரைத்தவரிடம் கிர்கிர் என்று சொல்லியாயிற்று.

"அப்படியா?" என்றார் பேராசிரியை நிதானமாக. "அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டி எனக்கு அனுப்பு. என்னன்னு பார்க்கறேன்."

இல்லாத சத்தத்தை எப்படி வெட்டுவது? தொகுப்பாளன் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். அப்போது அப்பா கடைக்குக் கிளம்ப, கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். அவர் சலூன் வைத்திருக்கிறார். வாரி முடித்ததும் சீப்பின் பற்களைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுப்பது அவர் பழக்கம்.

கிர்ர்ர்.

"அப்பா! இன்னொரு தடவை!"

"எதை?"

"அதையேதான்! மைக் பக்கத்துல வந்து பண்ணுங்க!"

விவரம் கேட்டதும் அப்பாவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. கடையை அரை மணி தாமதமாகத் திறக்கலாம் என்று முடிவு செய்து, மெல்ல இழுத்து, வேகமாக இழுத்து, விட்டு விட்டு இழுத்துத் தந்தார்.

"அப்பாவும் மகனும் சேர்ந்து சீப்பு வாசிக்கிறீங்க. விளங்கும்" என்றாள் அம்மா.

சத்தம் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்திலேயே பேராசிரியையிடமிருந்து போன் வந்தது. குரல் ஒரு மாதிரி நடுங்கியது. "தம்பி, இது சாதாரண சுவர்க்கோழி இல்ல. ஒவ்வொரு கிர்ருக்கும் நடுவுல ஒரே இடத்துல சின்ன இடைவெளி விழுது. இறக்கையில ரெண்டு பல் இல்லாத பூச்சியை நான் கேட்டதே இல்ல. சாயந்திரம் கருவியோட வர்றேன். அதைத் தொந்தரவு பண்ணாம பார்த்துக்கோ."

தொகுப்பாளன் அப்பாவின் சீப்பை வாங்கிப் பார்த்தான். நடுவில் இரண்டு பல் இல்லை.

"கடையில இப்படி ஒரு சீப்பு இருந்தா தூக்கிப் போட்டிருப்பேன். வீட்டுக்குத்தானேன்னு வெச்சிருந்தேன்" என்றார் அப்பா குற்ற உணர்ச்சியோடு.

சாயந்திரம் பேராசிரியை நீளமான மைக், ஹெட்போன், வெப்பமானி எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். பூச்சி பாடியே ஆகவேண்டும். வேறு வழி தோன்றாமல் அப்பாவைச் சீப்போடு துணி அலமாரிக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தியிருந்தான் மகன். இடுப்பு வலி உள்ள மனிதர். தொங்கும் சட்டைகளுக்கு நடுவே குந்திக்கொண்டு, "இருமல் வந்தா?" என்று கேட்டதுதான் அவருடைய ஒரே கவலை.

"பூச்சி இருமாதுப்பா."

பேராசிரியை விளக்கை அணைக்கச் சொன்னார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அலமாரியிலிருந்து கிர்ர்ர் என்றது.

"அடடா" என்றார் பேராசிரியை. "அலமாரிக்குள்ள இருக்கு. திறக்காதே, பயந்துடும். மின்விசிறியை நிறுத்து. சூடு ஏறினதும் எப்படிப் பாடுதுன்னு பார்ப்போம்."

மின்விசிறி நின்றது. மெத்தையும் போர்வையும் அடைத்த அறை சற்று நேரத்தில் வெந்தது. அலமாரிக்குள் என்ன கதியோ! சூடு ஏற ஏற வேகம் கூடவேண்டிய பாட்டு, மெள்ள மெள்ளத் தேய்ந்து, கிர்... ர்... என்று ஈனஸ்வரத்தில் இழுத்தது.

"சூட்டுல சோர்ந்து போகுது!" என்று பேராசிரியை வெப்பமானியைப் பார்த்து வியந்தார். "நான் கேட்ட எந்தச் சுவர்க்கோழியும் இப்படிப் பண்ணினதில்ல. சரி, இப்ப இன்னொரு ஆண் பூச்சியோட பாட்டைப் போடறேன். தன் எடத்துக்கு எவனோ வந்துட்டான்னு நெனச்சுச் சண்டைக்கு வரணும்."

அவருடைய கருவியிலிருந்து கணீரென்று ஒரு பாட்டு கிளம்பியது. அப்பாவுக்கு எதிர்வரிசையில் புதிதாக ஒரு சலூன் திறந்த நாளிலிருந்தே போட்டி என்றால் ரத்தம் கொதிக்கும். அலமாரி அதிர, கிர்கிர்கிர்கிர் என்று அவர் பிய்த்து உதறினார். இந்தப் பாட்டு நின்றால்தான் அவரும் நிறுத்துவார் போலிருந்தது. கடைசியில் பேராசிரியையே தோற்றுக் கருவியை அணைத்தார். கதவருகே நின்றிருந்த அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிட்டாள்.

விளக்கைப் போட்டதும் பேராசிரியை தொகுப்பாளனின் தோளில் கை வைத்தார். "தம்பி, இது புது இனம். நாளைக்கே கட்டுரை எழுத உட்காரப் போறேன். கண்டுபிடிச்சவன் நீ. அதுக்கு உன் பேரையே வெச்சுடலாம்."

அதுவரை தாக்குப்பிடித்தவன் அங்கே உடைந்தான். நிகழ்ச்சி போனால் போகட்டும். ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரு பொய்யான முடிவைக்கூட எழுதாத மனுஷி, தன்னால் உலகத்தின் முன் ஒரு சீப்பைப் பூச்சி என்று சொல்லிக்கொண்டு நிற்கப்போகிறார். அதை நினைக்கவே அவனால் முடியவில்லை.

"மேடம், அது பூச்சி இல்ல" என்றான்.

"பின்னே?"

"அப்பா."

அலமாரிக் கதவைத் திறந்தான். தலையில் ஒரு காலுறை தொங்க, வியர்வையில் குளித்த அப்பா, எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்தபடி வணக்கம் சொன்னார். கையில் சீப்பு.

"நேத்து நான் பட்டனை அமுக்க மறந்துட்டேன் மேடம். எதுவுமே பதிவாகல. சொல்லப் பயந்து, ஒண்ணை மறைக்க இன்னொண்ணு, அதை மறைக்க..." மேலே சொல்லமுடியாமல் அப்பாவைக் கைகாட்டினான். "நீங்க அவ்வளவு ஆசையாப் பேசினீங்க. அதை நான் தொலைச்சுட்டேன். அதுதான் எனக்குத் தாங்கல. மன்னிச்சுடுங்க."

பேராசிரியை அலமாரி அருகே வந்தார். சீப்பை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. கோபத்தில்தான் இப்படிக் குலுங்குகிறார் என்று தொகுப்பாளனுக்கு உயிரே போயிற்று.

வெகுநேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "நாற்காலியைப் போடு. இன்னொரு தடவை பேசறேன்."

"மேடம்?"

"வெள்ளிக்கிழமை குடுக்கணும்னியே? ஆனா ஒண்ணு. மைக்கையும் அந்த மெஷினையும் என் கண்ணுல படாத எடத்துல வை. உங்க அப்பாவும் இங்கேயே உட்காரட்டும். அவரைப் பார்த்துக்கிட்டே பேசறேன்."

இரண்டையும் துண்டால் மூடி நாற்காலிக்குப் பின்னால் வைத்தான். இந்தத் தடவை துண்டை விலக்கி, கருவியின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று அம்மா வந்து பார்த்தாள், அப்பா பார்த்தார், அவனும் பலமுறை பார்த்துக்கொண்டான். முதலில் பேராசிரியையின் குரல் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. அப்பா நடுவில், "ஏன் மேடம், பொண்ணுப் பூச்சி பாடவே பாடாதா?" என்று கேட்டார். "பாடாது. ஆனா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கும்" என்று பேராசிரியை சொன்னதும், "எங்க வீட்டுப் பொண்ணுப் பூச்சி ரெண்டும் பண்ணும்" என்று அம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். அதற்கப்புறம் பேராசிரியையை நிறுத்த முடியவில்லை. தீப்பெட்டிக் கதை முந்தின நாள் வந்ததைவிட நன்றாக வந்தது.

பேசி முடித்ததும் தொகுப்பாளன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனான். பேராசிரியை உள்ளே அம்மாவிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார். கணவர் செய்தித்தாளை முகத்திலிருந்து எடுத்துவிட்டுப் பின்கதவைத் திறந்துவிட்டார். பையை வைத்துவிட்டு, மனதில் உறுத்திக்கொண்டிருந்ததை அவரிடம் கேட்டேவிட்டான்.

"சார், நான் பண்ணினது பெரிய தப்பு. மேடம் என்னை நெஜமாவே மன்னிச்சிருப்பாங்களா?"

அவர் வீட்டு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நீதான் தம்பி அவளை மன்னிக்கணும். மைக் ஓடுதுன்னு தெரிஞ்சா பயத்துல அவளுக்கு நாக்கு ஒட்டிக்கும், அதனால நேத்து நீ அந்தப் பக்கம் திரும்பினதும் பட்டனை அணைச்சதே அவதான். அதை உங்கிட்ட சொல்ல வாய் வராமத்தான் இல்லேன்னு தெரிஞ்சே ஒரு பூச்சியைத் தேடி இவ்வளவு தூரம் வந்தா."