பூட்டன் கோட்டை

"ஏங்க, ஆத்துல தண்ணி ஓடுதுங்க! தண்ணி!"

"ஓடட்டுமே. ஆறுன்னா ஓடாதா?"

"நம்ம வெள்ளாத்துல எந்தக் காலத்துல இம்புட்டுத் தண்ணியப் பாத்தீங்க? அதுல கப்பல் வேற மிதக்குது!"

அரிமளத்தில் அமராவதி குரல் எடுத்தால் நாலு வீடு தள்ளிக் குக்கர் விசில் கேட்காது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை. சன்னல் ஏற்கெனவே திறந்திருந்தது.

சண்டைக்குக் காரணம், ஹாலில் மாட்டியிருந்த படம். வெள்ளைக்காரன் காலத்தில் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது. ஆற்றங்கரையில் ஒரு கோட்டை. காரைக்குடிப் பழைய சாமான் கடையில் அமராவதியின் வீட்டுக்காரர் நாகராசு வாங்கியது. அத்தோடு விட்டாரா? "வெள்ளாத்தங்கரையில எங்க பூட்டன் இருந்த கோட்டை" என்று கல்யாணத் தரகரிடம் அளந்துவிட்டார். தரகர் மாப்பிள்ளை வீட்டில் இன்னும் ரெண்டு முழம் கூட்டி அளந்தார். இன்றைக்குப் பெண் பார்க்கும் நாள். பொன்னமராவதியிலிருந்து கார் கிளம்பியாகிவிட்டது.

மகள் மோகனப்ரியாதான் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். ரெண்டு வருசமாகப் பழகிய விக்ரமைத் தரகரே தேடிப் பிடித்ததுபோல் ஆக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

"அப்பா, படத்துக்குக் கீழ இங்கிலீசுல ஹூக்ளி ஆறுன்னு போட்டிருக்கு."

நாகராசு எழுத்தின் மேல் சந்தனத்தை அப்பினார். வெறும் சந்தனம் திட்டாகத் தெரியவே குங்குமம் வைத்தார். கப்பல்களை மறைக்க அமராவதி மாலையைப் போட்டாள். இப்போது கோட்டை செத்துப்போன மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா உதயசூரியன் நுழைந்ததுமே படத்தைக் கும்பிட்டார். பின்னால் விக்ரம். அவனுக்கும் பின்னால் அவன் அத்தை, உதயசூரியனின் அக்கா ராக்காயி, 'வாயைத் திறக்கக் கூடாது' என்ற கட்டுப்பாட்டில் கூட்டி வரப்பட்டவள்.

"தவறினது யாருங்க?"

"எங்க பூட்டன்."

"முகத்தைக் காணோமே?"

"உள்ள இருக்காருங்க. மூணாவது சன்னல்."

உதயசூரியன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் மாறியது. "இது எங்க பூட்டன் கோட்டையாச்சே! அப்பா வீட்டை இடிக்கையில பழைய சாமானோட போன படம். இந்தா, கரையான் அரிச்ச ஓரம்கூட இருக்கு!"

"எங்க பூட்டன்ங்க!" நாகராசு இறங்கி வரவில்லை.

அமராவதி விரல் விட்டு முறை எண்ணினாள். "ரெண்டு பேருக்கும் ஒரே பூட்டன்னா... நாம பங்காளிங்க. பிள்ளைங்க அண்ணன் தங்கச்சியில்ல ஆகுது!"

காபித் தட்டோடு வந்த மோகனப்ரியா நடையிலேயே நின்றாள். விக்ரம் எழுந்தேவிட்டான். அப்பாக்கள் இருவரும் பூட்டனை விடுவதாக இல்லை.

மோகனப்ரியா தட்டை வைத்தாள். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள்.

"ஹூக்ளி. வங்காளத்துல ஓடுது. ரெண்டு வீட்டுப் பூட்டனும் திருச்சியத் தாண்டினவங்க இல்ல. பஜ்ஜி ஆறுது, சாப்பிடுங்க மாமா."

மாமா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

தை மாதம் கல்யாணம். முடிந்த கையோடு இருவரும் ஓசூருக்குக் குடிபோனார்கள். படத்தை நாகராசு சீர்வரிசையில் வைத்துத் தள்ளிவிட்டார். கல்யாணத்தன்று பந்தியில் என் பக்கத்து இலை ராக்காயிக்கு. சீர்த்தட்டுகளைப் பார்த்துக்கொண்டே பாயசத்தை முடித்தவள், ஒருவழியாக வாயைத் திறந்தாள்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப பவுசுக்கு மாட்டி வைக்க, நாகராசோட தாத்தாகிட்ட எங்கப்பா இரவல் வாங்கித் திருப்பிக் குடுக்காத படம்டி அது. நாகராசோட பூட்டன் நெசமாவே அந்தக் கோட்டையில சமையக்காரரு. மூணாவது சன்னல்தான் அடுப்படி!"