முளைக்குச்சியில் வெந்த சோறு

என் சமையலை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஒரே ஒருவர்தான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அடுப்பைப் பார்த்து அழுதார். அவர் மனை அளக்க வந்தவர்.

உலகச் சண்டை முடிந்திருந்த சமயம். கடலூர் துறைமுகத்தில் என் வீட்டுக்காரர் மூட்டை தூக்கினார். ஒரே அறையில் ஏழு பேர் குடியிருந்தோம். பக்கத்துக் கிராமத்துச் சவுக்குத் தோப்பை வெட்டி, எங்களைப் போன்றவர்களுக்குச் சின்னச் சின்ன மனைகளாக மலிவு விலைக்குக் கொடுப்பதாகத் தோப்புக்காரர் சொன்னார். ஆனால் சிதம்பரத்து மில்காரர் ஒருவர் மொத்தத்தையும் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் நாலு நாள்ல, மத்தியானம் மூணு மணிக்கு வந்து பாப்பேன். மனை பிரிச்சி ரெடியா இருந்தா ஒங்களுக்கு. இல்லன்னா மில்லுக்கு" என்று தோப்புக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த நாலாம் நாள் விடிந்ததும் அரிசி, பானையோடு தோப்புக்குப் போய்விட்டேன். மரம் வெட்டிய இடத்தில் மிஞ்சும் குச்சி, பொறுக்குகிறவர்களுக்குச் சொந்தம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அங்கே குச்சிகள் மண்ணில் குத்தி, வரிசை வரிசையாக நின்றன. (ஏன் வரிசையாக நிற்கின்றன என்று யோசித்திருக்கலாம். யோசிக்கிற புத்தி இருந்திருந்தால் இதை ஏன் எழுதுகிறேன்?)

மத்தியானம், மனை வாங்க வந்த எல்லோருக்கும் சோறும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறினேன். அளப்பவரும் பசியோடு நேராக இலைக்கு வந்தார். விரலை நக்கும்போதுதான் அடுப்பைப் பார்த்தார். சிவப்புச் சாயம் பூசிய குச்சித்தலை ஒன்று எரியாமல் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இந்த வெறவு ஏது?"

"இங்க இருந்ததுதாங்க. ஒன்னொன்னா புடுங்கறதுக்குள்ள இடுப்பே போச்சி."

"புடுங்குனியா? எத்தினி?"

"எல்லாத்தயுந்தான். மிச்சம் வெக்கற பழக்கம் எனக்குக் கெடையாது."

மனைகளுக்கு எல்லை காட்ட, மூன்று நாள் அளந்து அடித்த முளைக்குச்சிகளாம் அவை! என் வீட்டுக்காரர் வாயில் வைத்த கவளத்தை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

அவரோடு அளவுச் சங்கிலி பிடித்த ஆட்கள் வேலை முடிந்ததென்று முன்பே போய்விட்டார்கள். மறுபடி அடிக்கத் தோப்பில் ஒரு சுள்ளிகூட இல்லை. அளப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டு வைத்து அளந்து, முளைக்குப் பதிலாக எங்களையே ஆளுக்கொரு மூலையில் நிறுத்தினார். பங்குனி வெயில். மணல் சட்டியில் வறுத்தது போலிருந்தது. கால் பொறுக்காமல் நான் ஒரு எட்டு தள்ளி நின்றேன். பிறகு இன்னொரு எட்டு. எனக்கு நேராக நிற்கச் சொல்லியிருந்ததால் அடுத்தவளும் தள்ளினாள், அவளுக்கு அடுத்தவளும் தள்ளினாள்.

தோப்புக்காரர் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏன்யா இவுங்கல்லாம் இப்பிடி நிக்கறாங்க?"

"அவுங்கவுங்க மனைய விட்டு நவர மாட்டேங்கறாங்க, மொதலாளி" என்றார் அளப்பவர்.

தோப்புக்காரர் சிரித்துவிட்டார். "சரி, இவுங்களுக்கே எழுதிடு."

நாங்கள் நின்ற இடத்திலேயே கல் நட்டார்கள். வீடும் கட்டினோம். எங்கள் தெரு நடுவில் ஏன் கோணிக்கொண்டு போகிறது என்று புதிதாக வருகிறவர்கள் இன்றும் கேட்பார்கள். நான் வாய் திறக்குமுன் என் மருமகள் முந்திக்கொள்வாள்:

"எங்க அத்தைக்குக் கால் சுட்டுச்சிங்க."