நான்காம் நாள் கைவிடும் வகை

ஆசிய விளையாட்டுப் போட்டி முடிந்த கையோடு, தில்லியில் ஓர் அமைச்சகம் தன் ஊழியர்களின் தேக ஆரோக்கியத்தில் அக்கறை கொள்வதென்று தீர்மானித்தது. அவரவர் குணத்துக்கேற்பவே உடற்பயிற்சி அமையும் என்பது அப்போது புது மோஸ்தர். ஆகவே குணநலன்–உடற்பயிற்சிப் பிரிவு என்று ஒன்று பிறந்தது. அதற்கு ஒரு டைரக்டரும், ஏழு நாற்காலிகளும், நாற்பது கேள்விகள் கொண்ட படிவமும் ஒதுக்கப்பட்டன.

அசிஸ்டெண்ட் கஸ்தூரிரங்கன் அசட்டு மனுஷர். படிவத்தில் உண்மையை எழுதிவிட்டார். எடுத்த காரியத்தை முடிப்பீரா என்று கேட்டிருந்தார்கள். மேஜை மேலிருந்த ஃபைல் குவியலை ஒரு தரம் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார். பத்து நாளில் முடிவு வந்தது: 'விடாமுயற்சி குறைவு. எந்த உடற்பயிற்சியையும் நான்காம் நாள் கைவிடும் வகை.'

சங்கடம் என்னவென்றால், சர்க்கரை வியாதிக்காரரான கஸ்தூரிரங்கன் சரோஜினி நகரிலிருந்து ஆபீசுக்குப் பதினோரு வருஷமாக நாள் தவறாமல் நடந்து வந்துகொண்டிருந்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வைத்தியும் அதே ஆபீஸ்தான். இருவரும் பேசிக்கொண்டே நடப்பார்கள். அந்த நடையை நம்பித்தான் டாக்டர் ஊசியை எடுக்காமல் இருந்தார். இரண்டு மாதத்தில் செக்‌ஷன் ஆபீசர் பதவி வர வேண்டும். குணமும் நடத்தையும் பொருந்தாதவரின் ஃபைல் நகராது என்று டைரக்டர் ராஜாராமன் கூப்பிட்டுச் சொன்னார்.

"பதினோரு வருஷமா நடக்கறேனே சார், அது போறாதா?"

"ரிப்போர்ட்டுக்கு ஜாயின்ட் செக்ரட்டரி அனுமதி இருக்கு. உங்க நடைக்கு யார் அனுமதி இருக்கு?"

குணத்தை மாற்ற மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கமிட்டி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிம்லாவில் கூடும். நடையை நிறுத்த ஒரு வெள்ளைத்தாள் போதும். கஸ்தூரிரங்கன் மறுநாளே பஸ்ஸில் வந்தார். ராஜாராமன் முகம் சுளித்தார். சொன்னவுடன் நிறுத்துவது ஒழுங்கானவர்களின் லட்சணமாம். இந்த வகையினர் தாமாகவே சலித்துப்போய் நிறுத்த வேண்டுமாம். ஆகவே கஸ்தூரிரங்கன் திங்கள் முதல் வியாழன் வரை மீண்டும் நடந்து, வியாழன் மாலை தாமாகவே சலித்துப்போனதாக மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுத்தார்.

"ஒடம்பு போயிடுத்துன்னா பதவிய வெச்சுண்டு என்ன பண்ணுவேள்?" என்றாள் மனைவி வைதேஹி. அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பென்ஷன் வாங்குவதற்குள் ஒரு நாளாவது ஆபீசராக உட்கார்ந்துவிட வேண்டும் என்ற ஆசை பயத்தை விடப் பெரிதாக இருந்தது.

பதவி வந்தது, ஊசியும் வந்தது. குணமும் நடத்தையும் இத்தனை பொருந்திய ஊழியர் வேறெவரும் இல்லை என்பதால் அவரை அந்தப் பிரிவிலேயே போட்டார்கள்.

முதல் நாள் காலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வைத்தி தனியே கைவீசி நடந்து போய்க்கொண்டிருந்தார். கஸ்தூரிரங்கனுக்கு வயிறு எரிந்தது. ஆபீஸ் போனதும் வைத்தியின் படிவத்தை வரவழைத்தார். 'கலகலப்பான சுபாவம். துணையோடு மட்டுமே உடற்பயிற்சி செய்யும் வகை' என்று இருந்தது.

தம் வகைக்கு விரோதமாகத் துணையின்றி நடந்தது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தரும்படி வைத்திக்கு ஒரு மெமோ எழுதிக் கையெழுத்திட்டார். அவருடைய சர்வீசிலேயே, வந்த அன்றே முடித்து அனுப்பிய முதல் ஃபைல் அதுதான்.