சிவபாதத்தைத் தேடி வந்த சிஐடி

"கந்தையா சிவபாதம். இப்பிடித்தான் கேட்டவள். தேப்பன்ரை பேரோடை சேர்த்து. உமக்கு ஆளைத் தெரியுமோ?"

மகேஸ்வரன் மாஸ்ரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கீழே லொபியில் நடந்ததை ஒவ்வொரு மாடியிலும் இறங்கிச் சொல்லிவிட்டுப் பதினாலாம் மாடிக்கு வந்திருந்தார்.

"தெரியாது மாஸ்ரர்," என்றார் கந்தையா சிவபாதம்.

அந்தக் கட்டடத்தில் அவருக்குப் பெயர் இராஜரட்ணம். எட்டு வருடங்களுக்கு முன்னர் ஏஜென்சிக்காரன் கையில் கொடுத்த பாஸ்போர்ட்டில் அந்தப் பெயர்தான் இருந்தது. ரொறன்ரோவில் இறங்கமுதல் பாஸ்போர்ட்டைக் கிழித்துப்போட்டு, இறங்கியதும் சொந்தப் பெயரைச் சொல் என்று அவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சிவபாதம் கிழிப்பதைத் திறமாகச் செய்தார். ஆனால் அதிகாரி "பெயர்?" என்று அதட்டியதும், வழி முழுக்கப் பாடமாக்கிய பெயர்தான் வாயில் வந்தது. வாயில் வந்ததை அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து சிவபாதம் இல்லை. அகதிக் கேஸ் இராஜரட்ணத்தின் பெயரில் நடந்தது, ஒருமுறை விழுந்தது, மறுபடி எழும்பியது. இப்போது நிரந்தரமாக இருக்க விடும் 'லாண்டட்' பேப்பருக்கு அடுத்த மாதம் நேர்முகம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேப்பர் கையில் கிடைத்தால் மனைவி தவமணியையும் மகள் பிரதீபாவையும் கூப்பிடலாம். இராஜரட்ணம் எப்படிச் சிவபாதத்தின் மனைவியைக் கூப்பிடுவது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் அறையைப் பங்குபோடும் ஜூலியஸிடம் பதில் இருந்தது. "கட்டின மனிசியை ரண்டாந்தரம் கட்டினால் போச்சு."

"நீங்கள் ஆரெண்டு அவவைக் கேக்கேல்லையோ மாஸ்ரர்?" என்றார் சிவபாதம். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"கேட்டனான். 'தெரிஞ்ச ஆள்' எண்டு இழுத்தவள். சொந்தமெண்டால் சொந்தமெண்டு சொல்லவேணும். எங்கடை சனம் ஆளைத் தேடிறதெண்டால் எப்பிடித் தேடும்? ஊரிலை எவடம், ஆற்றை மருமோன், எந்தக் கோயிலடி எண்டு கேக்கும். முழுப் பேரைச் சொல்லிக் கேக்கிறது அரசாங்கம் மட்டுந்தான்."

"தமிழ்ப் பொம்பிளையோ?"

"தமிழ்தான். ஆனால் கட்டடம் பாக்கிற சுப்பரோடை பிரெஞ்சு கதைச்சவள். போகேக்கை 'மேர்சி' எண்டு வேறை. கறுத்தக் கோட்டு, ஆம்பிளையள் மாதிரி வெட்டின தலை. தமிழும் பிரெஞ்சும் ஒரே வாயாலை வருகுதெண்டால் ஆள் ஒட்டாவா அரசாங்கந்தான். இமிக்கிரேசன் சிஐடி!"

மாஸ்ரர் பதினைந்தாம் மாடிக்குப் போய்விட்டார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். சிவபாதத்துக்கு வீட்டுக்குள்ளேயே பயமாக இருந்தது.

ஜூலியஸ் மன்னாரில் நாட்டுக்கூத்தில் மந்திரி வேஷம் கட்டியவர். வேஷம் கலைந்து பல வருடமாகியும் ஆலோசனை சொல்லும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"அண்ணை, முன் வாசலாலை போகாதேங்கோ. பின் படியாலை இறங்குங்கோ. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போடுங்கோ. ஒரு குஞ்சுக்கும் உங்களைத் தெரியாது."

அப்படியே செய்தார். நவம்பர் மாதம், வெயில் என்பதே இல்லாத ஊரில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடத்தின் பின் படிகளில் இறங்கினார். கீழே வந்ததும் லொபிக் கதவை நீக்கலாக்கி, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டார்.

இதோடு காது மெசின் வேறு. வேலை செய்யும் பேக்கரியில் மனேச்சர் "ராஜா, ராஜா" என்று கூப்பிடும்போது சிவபாதம் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டு வருடமாகியும் அந்தப் பெயர் அவர் உடம்பில் ஒட்டவில்லை. பாவம், மனிதருக்குச் செவிடு என்று முடிவுகட்டிய மனேச்சர், தன் மாமனார் பாவித்த பழைய மெசினைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். காதிலிருந்து ஒரு வயர் இறங்கிச் சட்டைப் பைக்குள் போகும். கழற்றினால் நல்ல மனிதரின் மனம் நோகுமே என்று சிவபாதமும் போட்டுக்கொண்டு திரிந்தார். எலிவேற்றர் கதவு பூட்டுவதுகூட அவருக்கு இடி விழுந்தாற்போலக் கேட்டது.

கறுப்புக் கண்ணாடி, தொப்பி, காதில் வயர், கதவிடுக்கில் ஒரு கண். சனம் இதற்கு என்ன பெயர் வைக்கும் என்று ஜூலியஸ் மந்திரி யோசிக்கவில்லை.

இரண்டு நாளில், சிவபாதம் எலிவேற்றருக்குள் நுழைந்தால் கதை நின்றது. மூன்றாம் மாடிப் பையன் ஒருவன், "அண்ணை, நான் அரசாங்கத்தின்ரை வெல்ஃபெயர் காசு எடுத்துக்கொண்டு களவா வேலைக்குப் போனது உண்மைதான், இனிப் போகன்," என்று கண்கலங்கினான். மெசின் கீச்சிட்டதில் ஒன்றும் விளங்காமல் சிவபாதம் "ம்" என்றார். அந்தப் பையன் அந்த வார இறுதியிலேயே வீடு மாறிப் போனான். யாரோ ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறியை அவர் வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள். கறி நன்றாகத்தான் இருந்தது.

"ஏன் ஜூலியஸ் ஒருத்தரும் என்னோடை கதைக்கினமில்லை?"

"மரியாதை அண்ணை. கண்ணாடிக்கு வாற மரியாதை."

உண்மையை மாஸ்ரர் மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வெளிச் சிஐடி, இராஜரட்ணம் உள்ளுக்குள் இருக்கிற சிஐடி. இரண்டும் ஒரே பகுதி.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். மறுநாளும் வந்தாள். முன்பு கீழே தமிழ்க் கடை இருந்த இடத்தில் இப்போது வீடியோக் கடை இருக்கிறது. அங்கேயும் போய் விசாரித்தாளாம். அதைக் கேட்டதும் சிவபாதம் எழும்பிப் போய்க் கதவுப் பூட்டை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். தவமணியின் கடிதங்கள் அந்தத் தமிழ்க் கடை விலாசத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தன. புதுப் பெயரையோ வீட்டு இலக்கத்தையோ அவர் ஊருக்கு எழுதவேயில்லை. வழியில் கடிதம் உடைப்பார்கள், எழுத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது என்பது ஜூலியஸின் சட்டம். பிறகு தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. சனம் வன்னிக்குப் போனது. கடிதம் நின்றது. கொஞ்ச நாளில் கடையும் பூட்டுப்பட்டது.

அவர் போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை. உயிரோடு இருக்கிறார்களா என்று யாரிடம் கேட்பது? பேப்பர் கிடைத்தால் தானே கொழும்புக்குப் போய்த் தேடலாம் என்று அந்த ஒரு நினைப்பிலேயே அவர் எழும்பிப் படுத்தார். புறப்பட்ட அன்று பிரதீபாவுக்குப் பன்னிரண்டு வயது, இரட்டைப் பின்னல். எட்டு வருடமாக அவர் மனதில் அவள் அந்தப் பின்னலை அவிழ்க்கவேயில்லை.

"யோசியாதேங்கோ," என்றார் ஜூலியஸ். "இண்டைக்கு நானே அவளைக் கண்டு கதைச்சனான். சிவபாதம் இஞ்சை இல்லை, வெக்ஸ்போர்ட் பக்கம் போட்டார் எண்டு சொல்லிவிட்டன். இனி இந்தப் பக்கம் தலைவைச்சும் படாள்."

"நான் எங்கை வேலை செய்யிறன் ஜூலியஸ்?"

"பேக்கரியிலை."

"பேக்கரி எங்கை கிடக்கு?"

ஜூலியஸ் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெக்ஸ்போர்ட்டில் அவள் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, வியாழக்கிழமை பேக்கரிக்கும் வந்துசேர்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் கறுத்தக் கோட்டைக் கண்டதுதான் தாமதம், சிவபாதம் மாமூட்டைகளுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். மனேச்சர் தேடிக்கொண்டு உள்ளே வந்தார். சிவ என்னவோ ஒரு பெயராம், உன்னுடைய ஆட்கள்தான், தெரியுமா என்று கேட்டார். சிவபாதம் காதைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினார். மனேச்சர் இன்னும் சத்தமாகக் கேட்டார். மெசின் வழியாக அது மண்டைக்குள் பீரங்கி வெடித்ததுபோல் இருந்தது. அதற்கும் தலையாட்டினார். அந்த மனிதருக்குக் காது சுத்தமாகக் கேட்காது என்று மனேச்சர் வெளியே போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, மாப் பூசிய முகத்தோடு சிவபாதம் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். அவள் பஸ் தரிப்பில் முதுகு காட்டிக்கொண்டு நின்றாள். மெல்லிய சப்பாத்து. பனித் தூறலில் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள். பஸ் வரக் காணோம். சிஐடி என்றாலும் யாரோ பெற்ற பிள்ளைதானே, ஒட்டாவாக்காரர் ஒரு நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கக்கூடாதா என்று நினைத்தார். ஒரு கப் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கலாமோ என்றுகூட ஒரு கணம் வந்தது. பைத்தியமா உனக்கு என்று தன்னையே ஏசிக்கொண்டு மாமூட்டைப் பக்கம் திரும்பினார்.

அன்றைக்கு ஜூலியஸ் ஒரு முடிவோடு இருந்தார்.

"அண்ணை, ஒரே வழிதான். ஆளைச் சாக்காட்டுவம்."

"ஆரை? அந்தப் பிள்ளையையோ?" சிவபாதம் பதறிப்போனார்.

"சீ, சிவபாதத்தை. செத்தவனை ஒருத்தரும் டிப்போட் பண்ணி ஊருக்கு அனுப்ப ஏலாது. கேஸ் குளோஸ்."

எட்டு வருடமாக அவரே பாவிக்காத பெயர்தான். இருந்தாலும் அது ஆத்தாள் வைத்த பெயர். பிரதீபா பள்ளிக்கூடத்தில் தன் பெயருக்குப் பின்னால் எழுதிய பெயர். அதை இன்னொருவர் வாயால் சாகக் கொடுப்பது அவருக்குச் சரியான துக்கமாக இருந்தது. பிறகு, அவர்களுக்காகத்தானே சாகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "சரி, செய்," என்றார்.

அடுத்த நாள் ஜூலியஸ் வெற்றியோடு திரும்பினார்.

"எப்பிடி நடிச்சனான் தெரியுமே! போன வருசம் இதே கிழமை, ஹார்ட் அற்றாக், என்ரை மடியிலைதான் உயிர் போனது எண்டன். எனக்கே கண்ணீர் வந்திட்டுது."

"அவள் நம்பினவளோ?"

"நம்பாமல்? கடைசியா ஏதும் சொன்னவரோ எண்டு கேட்டவள். தண்ணி கேட்டவர் எண்டன். அப்பிடியே சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டாள். இவ்வளவு நாள் அலைஞ்ச கேஸ் கைவிட்டுப் போச்செண்டால் ஒட்டாவாவிலை பேச்சு விழும்தானே அண்ணை. முகம் செத்துப்போச்சு."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"மேர்சி எண்டவள். அவ்வளவுதான். போட்டாள்."

அதன்பிறகு அவள் வரவில்லை. லொபி வெறுமையாகக் கிடந்தது. சிவபாதம் கண்ணாடியைக் கழற்றினார், தொப்பியைக் கழற்றினார். ஆனால் செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்போல இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் என்னவென்று அவருக்கே பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுகிவிட்டு, ஆபத்து நீங்கியதற்குப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்போம் என்று பஸ் ஏறினார்.

டோர்செட் பார்க் பக்கம் பழைய பண்டகசாலை ஒன்றைக் கோயிலாக்கியிருந்தார்கள். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம். இந்தப் பேப்பர் மட்டும் கிடைக்கட்டும், அவர்களை ஒருதரம் கண்ணில் காட்டு என்று கும்பிட்டபோது கண் நிறைந்தது.

பூசை முடிந்து, பின்மண்டபத்தில் அன்னதானம் தொடங்கியது. சிவபாதம் போய் உட்கார்ந்ததும், அவருடைய கட்டடத்துச் சனம் ஒவ்வொருவராக எழும்பி வேறு வரிசைக்குப் போனார்கள். பரிமாற வந்த அம்மாவுக்கு இந்தச் சிஐடி விவகாரம் ஒன்றும் தெரியாது. அவர் நிறையச் சோறு போட்டார், பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாயசம் எல்லாம் போட்டார். இரண்டு நாள் பசி. சிவபாதம் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"திறமான சமையல் அன்ரி. இண்டைக்கு ஆற்றை உபயம்?"

"ஒரு பிள்ளை தேப்பன்ரை ஆட்டத்திவசத்துக்குக் குடுத்தது தம்பி. காசைத் தந்து, வயிறு நிறையப் போடுங்கோ எண்டு கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதது."

அடுத்த வரிசையிலிருந்து மகேஸ்வரன் மாஸ்ரர், இராஜரட்ணத்துக்கு முன்னால் ஒன்றும் சொல்லாதே என்று கையையும் கண்ணையும் ஆட்டினார். அந்த அம்மா பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டு மாஸ்ரரை ஒருமுறை முறைத்தார்.

"குடுத்துவைச்ச மனிசன்," என்றார் சிவபாதம், பாயசத்தை வழித்துக்கொண்டே. "எங்களுக்கெல்லாம் ஆர் இருக்கினம் உப்பிடிச் செய்ய? ஆர் அன்ரி அவர்?"

"ஆரோ சிவபாதமாம் தம்பி. தாயும் வன்னியிலை செத்துப்போச்சாம், அந்தப் பிள்ளை பிரான்சிலையிருந்து தேப்பனைத் தேடி வந்து, அவருக்கு இஞ்சை வேறை குடும்பம் இருந்தால் குழம்பிப்போகுமெண்டு, தான் மேளெண்டு ஒருத்தருக்கும் சொல்லாமலே திரிஞ்சிட்டு நேற்றுத்தான் பிளேன் ஏறினது."