தவரத்தினத்தின் மூச்சுப் பயிற்சி

தவரத்தினம் தன் நாற்பத்தெட்டு வருட வாழ்க்கையில் மூன்று பெரிய தீர்மானங்கள் எடுத்திருக்கிறார். பாரிசுக்கு வருவது, அதை அவருடைய தமையன் எடுத்துக்கொடுத்தார். கோசலையைக் கட்டுவது, அதைக் கோசலையின் தகப்பன் எடுத்துக்கொடுத்தார். மூன்றாவதுதான் முழுக்க முழுக்கச் சொந்தத் தயாரிப்பு. ஒரு பிஸ்டல் வாங்குவது.

யாரையும் சுடுவதற்கு அல்ல. நுளம்பு அடிப்பதற்கே இரண்டு தரம் யோசிக்கிற மனிதர் அவர். பாரிசின் லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் பதினேழு வருடமாக வேலை. வெண்டிக்காயை அழகாக அடுக்கி வைப்பார். வருகிற பெண்கள் ஒவ்வொன்றாக நுனி முறித்துப் பார்த்துவிட்டு, முற்றல் என்று போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாத சொல்லெல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்து பிரஷர் ஆகிவிட்டது. அமைதியாக ஏதாவது பழகுங்கள் என்றார் டாக்குத்தர்.

அந்த நேரம் பார்த்துத்தான் சுப்ராயன் வந்தார். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுத் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை தவறாமல் முருங்கைக்காய் வாங்க வருவார்.

"பிரஷரா? நம்ம கிளப்புக்கு வா தம்பி. ஞாயித்துக்கிழம காலையில, பொண்டியில. வுவாலா, தானா எறங்கிடும். அங்க ஒருத்தனும் பேச மாட்டான்."

ஒருத்தனும் பேச மாட்டான் என்ற இடத்தில் தவரத்தினம் விழுந்துபோனார். சதுரங்கக் கிளப் என்று நினைத்துக்கொண்டு புறநகர்ப் பொண்டிக்கு ரயில் ஏறினார்.

போய்ப் பார்த்தால், ஒரு விளையாட்டு மண்டபத்தின் நிலவறை. வரிசையாக ஆட்கள், காதில் மூடி, கையில் பிஸ்டல். தவரத்தினத்தின் கைகள் இரண்டும் தன்பாட்டில் மேலே போய்விட்டன. பழக்கதோஷம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காலம் முழுக்கத் துவக்கின் வாய்ப்பக்கத்தை மட்டுமே பார்த்தவர் அவர். பிடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தார்.

"கைய எறக்குப்பா, மானம் போவுது," என்றார் சுப்ராயன். "இதப் புடி. மூச்ச உள்ள இழு. பாதி உடு. மீதிய நிறுத்து. இப்ப அவசரப்படாம விசைய அமுக்கு."

அமுக்கினார். குறி அட்டையில் எங்கேயோ பட்டது. அது முக்கியமில்லை. அந்த ஒரு நிமிடம் உலகத்தில் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெண்டிக்காய் இல்லை, கரண்ட் பில் இல்லை, கோசலை இல்லை. பதினேழு வருடத்தில் முதல் தடவையாக மனம் கழுவிக் கவிழ்த்த பானைபோல இருந்தது.

பிறகு எல்லா ஞாயிறும் பொண்டிதான்.

சுட்டு முடிந்ததும் கோப்பி மிசினைச் சுற்றி நின்று பேசுவார்கள். எங்கள் ஆட்கள் காணி விலை பேசுவதுபோல அவர்கள் துவக்குப் பேசுவார்கள். சுசான் என்று எழுபத்தொரு வயதுக் கிழவி, முன்னாள் தாதி. தன் பிஸ்டலின் மரப்பிடியைத் தானே அரத்தால் அராவி உள்ளங்கைக்கு அளவாக்கி வைத்திருந்தாள். "விசை அவ்வளவு மெது. நினைத்தாலே போதும்," என்பாள். சுப்ராயனுக்குத் திறந்தவெளி மோகம்.

"வடக்க ஒரு கிளப்பு இருக்கு. அம்பது மீட்டர், மேல வானம். என்னா அழகு! காத்து அடிச்சா மட்டும் என் குண்டு பக்கத்து ஆளு அட்டையில போய்க் குந்திக்கும்."

"அவருக்கு அதனால்தான் அங்கே நண்பர்கள் அதிகம்," என்றாள் சுசான்.

தவரத்தினத்துக்குப் பேச ஒன்றும் இல்லை. அவர் சுட்டது கிளப்பின் நாலாம் நம்பர் பிஸ்டல். இடப்பக்கம் இழுக்கிற சாமான். அதற்கும் இருபது நிமிடம் வரிசையில் நிற்கவேண்டும். சொந்தத் துவக்கு இல்லாமல் அந்தக் கோப்பி மிசினடியில் நிற்பது, நகை போடாமல் கலியாண வீட்டுக்குப் போனதுபோல. வருகிற வசந்தகாலத்தில் ஒரு போட்டியும் இருந்தது. இரண்டாம் வருட முடிவில் மனிதர் முடிவெடுத்துவிட்டார்.

ஒரே ஒரு தடைதான். தடையின் பெயர் கோசலை.

தொலைக்காட்சியில் யாராவது துவக்கைத் தூக்கினாலே அவள் நிறுத்திவிடுவாள். "துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தது? இஞ்சையும் காசு கட்டி அதையே பாக்கவோ?" அப்படிப்பட்ட கோசலையிடம், காசு கட்டி ஒன்று வாங்கப்போகிறேன் என்று சொல்லுகிற தைரியம் உள்ளவருக்குத் துவக்கே தேவைப்படாது.

ஆகவே பொய். முதல் பொய், ஆரம்பத்திலேயே சொன்னது.

"மூச்சுப் பயிற்சியோ? அதுக்கு ஏன் பொண்டி மட்டும் போகவேணும்? லா சப்பல்லை காத்து முடிஞ்சு போச்சோ?"

"இல்லையப்பா. அங்கை ஒரு நல்ல மாஸ்டர்."

அது முழுப்பொய்யும் இல்லை. சுப்ராயன் மூச்சைத்தான் பழக்கினார். கோசலை அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். அடுத்த மாதம் கீழ்வீட்டுக் கௌரியின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வந்தது.

"இஞ்சேருங்கோ, மண்டபத்துக்கு நூற்றைம்பது பலூன் ஊதவேணுமாம். இவர் மூச்சுப் பயிற்சிக்குப் போறவர், இவர் ஊதுவார் எண்டு கௌரிக்குச் சொல்லிப்போட்டன்."

ஊதினார். நூற்றி இருபதாவது பலூனில் கண்ணுக்குள் மின்மினி பறந்தது.

இரண்டாவது பொய், இரும்பலுமாரி. விண்ணப்பம் போட்டாயிற்று, ஆனால் வீட்டில் பூட்டுகிற இரும்பலுமாரி இருக்கிறது என்று காட்டினால்தான் பிஸ்டலுக்கு அனுமதி கிடைக்கும் என்பது சட்டம். தவரத்தினம் சோற்றைக் குழைத்துக்கொண்டே மெதுவாகத் தொடங்கினார்.

"தமிழ் வீடுகளாப் பாத்துக் களவெடுக்கிறாங்களாம். எங்கடை ஆக்கள் நகையை அரிசி வாளிக்குள்ளை வைக்கிறது அவங்களுக்கும் தெரியுமாம். உம்முடைய நகைக்கு ஒரு இரும்பலுமாரி..."

"எடுப்பம்," என்றாள் கோசலை.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஓம் சொன்னதில்லை. தவரத்தினம் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். படவில்லை. வெற்றி மனிதனைக் குருடாக்கிவிடும். அவர் பார்த்துவைத்த சின்ன அலுமாரியை விட்டு, ஆளுயர அலுமாரி ஒன்றைக் கோசலை தெரிவு செய்தாள். லிஃப்ட் இல்லாத நாலாம் மாடிக்கு அதைத் தூக்கி வந்த இரண்டு பேரும் பிரெஞ்சில் சொன்னது நல்லகாலம் அவருக்கு முழுதாக விளங்கவில்லை. அன்று பின்னேரமே நகை ஏறியது. பிறகு கூறைச் சேலை, கலியாண அல்பம், குடியுரிமைப் பத்திரங்கள். கடைசியாக, ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் ஐந்து கிலோ.

"தூளை ஏனப்பா பூட்டி வைக்கிறீர்?"

"நகை போனா வேறை வாங்கலாம். மாமி இடிச்ச தூள் கிடைக்குமோ?"

அவருக்குக் கிடைத்தது அடியில் தனிப்பூட்டோடு இருந்த சின்ன அறை ஒன்றுதான். "என்ரை கடுதாசியள் வைக்க," என்று அதன் ஒரே திறப்பைத் தன் வசம் எடுத்துக்கொண்டார். பிஸ்டல் உள்ள அறையின் திறப்பு வேறு ஒருவர் கையிலும் இருக்கக்கூடாது என்று சுப்ராயன் பத்துத் தரம் சொல்லியிருந்தார். சட்ட விஷயத்தில் தவரத்தினம் வலு கவனம். பெண்சாதி விஷயத்தில்தான் சட்டவிரோதம்.

மூன்று மாதத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. பிஸ்டலை வாங்கி, கறுத்தப் பிளாஸ்டிக் பெட்டியோடு வாசலுக்கு வந்தார். கோசலை கதவடியிலேயே நின்றாள்.

"என்ன பெட்டி அது?"

"இதுவோ? இது... சுவர் துளைக்கிற மிசின்."

மூன்றாவது பொய். ஆயத்தமில்லாமல் சொன்னது. ஆயத்தமில்லாத பொய்க்கு வட்டி அதிகம்.

"கடவுளே எண்டு நல்லதாப் போச்சு! குசினியிலை அஞ்சு தட்டு அடிக்கவேணும். யன்னல் சீலைக் கம்பி ஆடுது. சாமிப் படம் எல்லாம் நிலத்திலை இருக்கு."

அடுத்த நாளே ஓடிப்போய் உண்மையான துளைக்கிற மிசின் ஒன்று வாங்கவேண்டியதாயிற்று. அதுவும் கறுத்தப் பெட்டியில்தான் வந்தது. அளவும் ஏறக்குறைய ஒன்று. நாலு சனிக்கிழமை சுவர் துளைத்தார். தங்கள் வீடு முடியக் கௌரி வீடு. சனிக்கிழமை துளைக்கிற கை ஞாயிற்றுக்கிழமை நடுங்கியது. புதுப் பிஸ்டல் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. குண்டுதான் எல்லாப் பக்கமும் பட்டது.

"மிஸ்யூ தவா, துவக்கில் பிழை இல்லை," என்றாள் சுசான். "வீட்டில் ஏதாவது கட்டுகிறீர்களா?"

போட்டி நாள் வந்தது. முதல் நாள் இரவு ஏழு மணி வரைக்கும் கௌரியின் குளியலறையில் துளைத்துவிட்டு, கையெல்லாம் சுண்ணாம்போடு வந்து, படுக்கப்போகுமுன் பிஸ்டலை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்துப் பூட்டியிருந்தார். விடியப் பெட்டியோடு பொண்டிக்குப் போனார். தன் இடத்தில் நின்றார். மூச்சை உள்ளே இழுத்தார். பெட்டியைத் திறந்தார்.

உள்ளே துளைக்கிற மிசின்.

சுப்ராயன் எட்டிப் பார்த்தார். "என்னா தம்பி, அட்டைய ஆணியடிச்சு மாட்டப் போறியா?"

தவரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியென்றால் இரவு பூட்டி வைத்தது மிசினை. பிஸ்டல், மிசின் வழக்கமாக இருக்கிற வாசல் தட்டில், சப்பாத்துகளுக்கு மேலே. இன்றைக்குக் காலை கௌரி மிசின் கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள், மிச்சம் இரண்டு துளை அவளுடைய மனிசன் போடுவானாம். கோசலை எடுத்துக் கொடுத்திருப்பாள். கௌரியின் மனிசன் பெட்டியைத் திறப்பான். பிறகு பொலீஸ். பிறகு அனுமதி இல்லை, கிளப் இல்லை. ஒருவேளை கோசலையும் இல்லை.

ரயிலில் இருந்த முழு நேரமும் அவர் மூச்சை உள்ளே இழுத்தார். பாதி விடுவதற்கு மறந்துபோனார். நாலு மாடியும் ஓடியேறினார். வாசல் தட்டில் சப்பாத்து மட்டும் இருந்தது.

"கோசலை! பெட்டி! கௌரி வந்தவவோ?"

கோசலை மேசையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

"வந்தவ. குடுக்கேல்லை."

"எங்கை?"

"இரும்பலுமாரியிலை, தூளுக்குப் பின்னாலை. இருங்கோ, முதல் தண்ணியைக் குடியுங்கோ." செம்பைத் தள்ளினாள். "துவக்கை வாசல்லை வைச்சிட்டு, துளைக்கிற மிசினைப் பூட்டி வைச்ச ஆம்பிளையை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்."

தவரத்தினம் கதிரையில் இருந்தார். அல்லது கதிரை அவரைப் பிடித்தது.

"உமக்கு... தெரியுமோ?"

"உங்கடை அனுமதிக்கு விசாரிக்கவேணும் எண்டு பொலீசிலை இருந்து எனக்கெல்லோ போன் அடிச்சவங்கள். மனிசிக்கு ஏதும் பயமோ எண்டு கேட்டவன். ஒரு கிழமை தாங்கோ எண்டன்."

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன். பிறகு யோசிச்சன், ஏன் அவசரம்? ஒவ்வொரு பொய்க்கும் வீட்டிலை ஒவ்வொரு வேலை நடக்குது."

குசினித் தட்டுகள் ஐந்தும் சுவரில் நேராக இருந்தன. யன்னல் சீலை ஆடவில்லை. தவரத்தினம் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார்.

"உமக்குத் துவக்கு எண்டாப் பயமெல்லே?"

கோசலை பயற்றங்காயை வைத்தாள்.

"பயம்தான். அந்தக் கிழமை மூண்டு நாள் நித்திரை இல்லை. ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் பின்னாலை நானும் பொண்டிக்கு வந்தனான். கண்ணாடிக்கு அங்காலை நிண்டு பாத்தன். நித்திரை கொள்ளுற பிள்ளையின்ரை முகம் மாதிரி உங்கடை முகம். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை நான் அந்த முகத்தைக் கண்டதில்லை. இது இந்த மனிசனுக்கு வேணும் எண்டு அப்பத்தான் விளங்கினது. அடுத்த நாளே பொலீசுக்குப் போய், எனக்கு ஒரு மறுப்பும் இல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்தன்."

தவரத்தினம் செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். தன்னை நம்பி ஒருத்தி பொலீஸ் நிலையம் வரை போய்ப் பேசியிருக்கிறாள். இரண்டு வருடமாகச் சுமந்த பொய்யெல்லாம் ஒரே நொடியில் கரைந்ததுபோல இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"அவங்கள் லேசிலை நம்பமாட்டாங்களே. என்னைப் பற்றி அப்பிடி என்ன சொன்னனீர்?"

கோசலை மறுபடி பயற்றங்காயைக் கையில் எடுத்தாள்.

"கண்ணாடிக்குள்ளாலை நான் உங்கடை அட்டையையும் பாத்தனான் எல்லே. 'மிஸ்யூ, இவர் ரண்டு வருசமாச் சுடுறார்; இவரிட்டைத் துவக்கு இருந்தா அந்த அட்டைக்குக்கூட ஆபத்து இல்லை' எண்டன். அவன் உடனை கையெழுத்து வைச்சிட்டான்."