அம்மா பூசணி என்று சொன்ன திராட்சைக் கொடி

எல்கடுவ,
மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை.

தம்புள்ளையில் வெங்காயம் விற்றுக்கொண்டே ஊருக்கெல்லாம் ஆலோசனை வழங்கும் மதிப்புக்குரிய சுந்தரலிங்கம் மாமாவுக்கு, மருமகள் சர்மிளா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் நலமா? முழங்கால் வலி குறைந்ததா? குறையாவிட்டாலும் கடிதத்தை உட்கார்ந்தே படிக்கலாம். இதைப் போனில் சொல்ல வழியில்லை. லயத்தில் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் அறைகளுக்கு நடுவே சுவர் பேருக்குத்தான் சுவர். நான் இங்கே கேள்வி கேட்டால் கடைசிக் காம்பராவிலிருந்து பதில் வரும்.

விஷயம், நீங்கள் கொடுத்த திராட்சைக் கொடி. முந்தின வருஷம் யாழ்ப்பாணத்து லொறிக்காரர் ஒருவரிடம் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, "அக்கா, ஒரே வருஷந்தான், கொல கொலயா தொங்கும்" என்று அம்மாவின் கையில் கொடுத்தீர்களே, அதுதான். வெயில் ஊர்க் கொடியை மூடுபனியில் நடச் சொல்கிறோமே என்று உங்களுக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை. தம்பி கொடுத்தால் விறகுக்கட்டையையும் நட்டுத் தண்ணீர் ஊற்றும் ஆள் அவர். வாசலோரம் நட்டார். அது வளர்ந்தது மாமா, அப்படி வளர்ந்தது. எங்கள் கூரைத் தகரம் முடிந்து பக்கத்துக் காம்பரா ரஜனி அக்காவின் தகரத்துக்கும் போய்விட்டது. இலை, இலை, வெறும் இலை. ஒரு காய் இல்லை. ரஜனி அக்கா தினமும் காலையில், "கிருஷ்ணம்மாக்கா, ஒங்க தம்பி குடுத்தது ஆம்பளக் கொடியா? ஒரு வேலயும் செய்யாம கூர மேல படுத்துக் கெடக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் கொழுந்து பறிக்கவே போவார்.

காய்க்காதது பெரிய குறையில்லை. ஒருநாள் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை வந்து அண்ணாந்து பார்த்ததுதான் வினை. தேயிலைத் தோட்டத்துச் சட்டம் உங்களுக்கு மறந்திருக்கும், அதனால்தானே தம்புள்ளைக்கு ஓடினீர்கள். வாசலில் கீரை போடலாம், மிளகாய் போடலாம். வருஷக்கணக்கில் நிற்கிற எதையும் நடக்கூடாது. மரம் நின்றால் அதை வைத்து மண்ணையும் கேட்போமாம். நாலு தலைமுறையாக நாங்கள் நிற்கிறோம், அது நிற்பதில் சேர்த்தியில்லை. அம்மாவின் முதுகு வளைந்தது இந்த மலையில். மண்ணில் கை அகலம்கூட அவர் பெயரில் இல்லை. இந்தக் கொடி ஒன்றைத்தான் "என்னோடது" என்று சொல்லித் திரிந்தார்.

"கிருஷ்ணம்மா, இது என்னா கொடி?"

"பூசணிங்கய்யா."

"பூசணி எல இப்பிடியா இருக்கும்?"

"இது தம்புள்ளப் பூசணிங்க. எந்தம்பி குடுத்தான். ஒரே தடவதான் காய்க்கும், காய்ச்சதும் செத்துப்போயிருமுங்க."

உங்கள் பெயரைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. கணக்கப்பிள்ளை யோசித்தார். "அப்ப சரி. காய்ச்சிச்சின்னா வேரோட புடுங்கிரணும். இப்ப கூரையில கெடக்குறத வெட்டு" என்றார்.

தைப்பொங்கல் கழிந்த கையோடு, தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற தனபால் அண்ணனை அனுப்பினார்கள். அவருக்குக் கத்தியைப் பிடித்தால் ஒரே மாதிரிதான் வெட்ட வரும். முழங்கால் உயரத்தில் சாய்வாக, ஓர் இலை மிச்சமில்லாமல், தேயிலையை வெட்டுவதுபோலவே வெட்டினார். "கண்ட மாதிரி கொதறிப் போட எனக்கு வராது தங்கச்சி" என்றார். வெட்டிய கம்புகளைக் கணக்கப்பிள்ளை ஆள் வைத்துத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். அடுப்புக்கு என்று நினைத்தோம். அம்மா அன்று சோறு சாப்பிடவில்லை.

கொஞ்ச நாளில் அந்தக் கட்டை துளிர்த்தது. துளிரோடு பூ. பூவோடு பிஞ்சு! போனில் தேடிப் பார்த்தேன். குளிர்காலம் இல்லாத நாட்டில் திராட்சை இலையை வளர்த்துக்கொண்டு சும்மா கிடக்குமாம். ஒட்ட வெட்டி மொட்டையடித்தால்தான் பயந்து காய்க்குமாம். மாமா, இதைத் தயவுசெய்து எங்கேயும் சொல்லிவிடாதீர்கள். வெட்டினால் விளைச்சல் கூடும் என்று தெரிந்தால் நிர்வாகம் அதை எங்கள் சம்பளத்தில் செய்து பார்க்கும்.

இப்போது குலைகள் கறுத்துவிட்டன. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அம்மா நடுங்குகிறார். காய்த்தால் சாகும் என்று அவரே சொல்லியிருக்கிறார். பழத்தைக் கண்டால் வேரோடு பிடுங்குவார்கள். அதனால் ஒவ்வொரு குலைக்கும் பழைய பேப்பரைச் சுற்றி நூலால் கட்டியிருக்கிறோம். "என்னா கிருஷ்ணம்மா, வாசலெல்லாம் பொட்டலம்?" என்று போகிற வழியில் கணக்கப்பிள்ளை கேட்டார். "கண்ணூறுக்குங்கய்யா" என்றார் அம்மா. காயே இல்லாத பூசணிக்கு யார் கண்வைப்பது என்று அந்த மனுஷன் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே அடுத்த ஞாயிறு லொறியோடு வாருங்கள். வெங்காயம் கொண்டுவந்த பாவனையில் வந்து, பழத்தை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இனிமேல் எங்களுக்கு ஒரு செடியும் தர வேண்டாம். தந்தே ஆக வேண்டுமென்றால் நிஜப் பூசணியாகப் பார்த்துத் தாருங்கள்.

அத்தைக்கு என் அன்பு. சின்னவனுக்கு ஒரு முத்தம், பெரியவனுக்கு ஒரு குட்டு. மாரியம்மன் உங்கள் முழங்காலையும் எங்கள் கொடியையும் காப்பாளாக.

இப்படிக்கு,
மருமகள் சர்மிளா

பி.கு: லொறி வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போதே கணக்கப்பிள்ளை வந்துவிட்டார். ஒரு பொட்டலத்தை அவரே அவிழ்த்தார். ஒரு பழம் தின்றார், பிறகு குலையையே தின்றார். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, மெல்லிய குரலில், "கிருஷ்ணம்மா, எங்க வீட்டுப் பின்னுக்கு வச்ச பூசணி நல்லாத்தான் ஏறுது. காய்க்க என்னா செய்யணும்?" என்று கேட்டார். மிச்சப் பழத்தை லயமே கூடித் தின்றுகொண்டிருக்கிறது. ரஜனி அக்கா வாயில் மூன்று. நீங்கள் பஸ்ஸில் வாருங்கள், நல்ல கவ்வாத்துக் கத்தி ஒன்று வாங்கிக்கொண்டு. கணக்கப்பிள்ளை வீட்டுக் கொடியை அம்மாதான் வெட்டப் போகிறார்.